நீலகிரியில் நில உபயோக மண்டலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நிலத்தைக் கிரயம் செய்துவிட்டுத்தான் வருவார்கள். வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டியதை வாங்கிய பிறகு கேட்பார்கள். திரும்பத் திரும்ப வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். சமவெளியில் வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள். இங்கே கணக்கு வேறு.

மண்டலம் என்கிறீர்களே, என் பத்திரத்தில் அப்படி ஒரு வார்த்தையே இல்லையே?

இருக்காது. பத்திரம் நிலம் யாருடையது என்று சொல்லும். மண்டலம் அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு அலுவலகங்களின் வேலை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், போடும்போது ஊரின் வரைபடத்தை எடுத்துவைத்து இந்தப் பகுதி குடியிருப்புக்கு, இது கடைவீதிக்கு, இது விவசாயத்துக்கு என்று பிரிப்பார்கள். அரசு ஒப்புதல் கொடுத்த பிறகு அதற்குப் பொருந்தாத வேலையை அந்த நிலத்தில் செய்யக் கூடாது. சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்வது அதைத்தான். 49ஆம் பிரிவின்படி முன்கூட்டி விண்ணப்பித்துத் திட்ட அனுமதி வாங்க வேண்டும்.

புது விஷயம் போலத் தெரியலாம். ஆனால் தோடர்கள் குடியிருக்கும் ஒரு மந்துக்குப் போய்ப் பாருங்கள். குடிசைகள் ஓரிடம், பால் கோயில் சற்றுத் தள்ளிக் கற்சுவருக்குள், எருமைக் கொட்டில் வேறிடம். படகர்களின் ஊரான ஹட்டியில் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும். முன்னால் எல்லோருக்கும் பொதுவான முற்றம், அதைத் தாண்டினால்தான் காடு கழனி. எதை எங்கே வைப்பது என்ற ஒழுங்கு இந்த மலையில் மாஸ்டர் பிளானுக்கு முன்பே இருந்தது. வண்ணம் தீட்டிய வரைபடம்தான் இல்லை.

பட்டாவில் புஞ்சை என்று இருக்கிறது. அப்படியானால் என் நிலம் விவசாய மண்டலமா?

அதிகம் பேர் குழம்புகிற இடம் இது. நஞ்சை, புஞ்சை, நத்தம் என்பதெல்லாம் வருவாய்த் துறையின் வகைப்பாடு. தீர்வை போடுவதற்காக எப்போதோ எழுதியது. மண்டலம் என்பது திட்டத் துறையின் வகைப்பாடு. புஞ்சை என்று பட்டா உள்ள நிலம் குடியிருப்பு மண்டலத்துக்குள் வரலாம். பக்கத்தில் நாலு வீடு இருக்கிற நிலம் விவசாய மண்டலமாகவும் இருக்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்காதீர்கள்.

மொத்தம் எத்தனை மண்டலங்கள்?

2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, சிறப்பு மற்றும் அபாயத் தொழில், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகர்ப்புறம் அல்லாத பயன்பாடு என்று பிரித்திருக்கிறார்கள். வரைபடத்தில் பொதுவாகக் குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், விவசாயம் பச்சை.

முதன்மைக் குடியிருப்பு என்றால் வீடும் வீட்டோடு ஒட்டிய சின்னச் சின்னத் தேவைகளும். கலப்புக் குடியிருப்பில் கடை, அலுவலகம் போன்றவற்றுக்குக் கூடுதல் இடம் உண்டு. விவசாய மண்டலத்தில் பயிர், தொழுவம், விவசாயம் பார்ப்பவருக்கான பண்ணை வீடு என்று போகும். அங்கே வரிசையாக வில்லா கட்டி விற்க முடியாது.

என் சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புரோக்கரைக் கேட்டு அல்ல. பட்டா, சிட்டா, புல வரைபடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்துக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ நேரில் போங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். உட்பிரிவு எண்ணைக் கட்டாயம் பாருங்கள். ஒரே சர்வே எண்ணில் மேல் பாதி ஒரு மண்டலமாகவும் கீழ்ப் பாதி வேறாகவும் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பதிலை எழுத்தில் கேளுங்கள். "பிரச்சினை இல்லை, கட்டலாம்" என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாயால் சொன்னது பிறகு எதற்கும் ஆகாது.

குடியிருப்பு மண்டலம்தான் என்று உறுதியாகிவிட்டது. இனி கட்டலாம்தானே?

சமவெளியாக இருந்தால் ஏறத்தாழ ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இங்கே மண்டலம் முதல் சல்லடை மட்டும்தான். அதற்குக் கீழே இன்னும் சில சல்லடைகள் இருக்கின்றன.

முதலாவது ஹாகா. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். 1990இல் அரசு அமைத்தது. மாநிலத்தில் பட்டியலிட்ட மலைக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நீலகிரியில் உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆறு வட்டங்களும் அதற்குள்தான். பெரிய கட்டடம், மனைப்பிரிவு என்றால் கோப்பு பல துறைகளைச் சுற்றி வரும். சுற்றுவதற்குக் காரணமும் இருக்கிறது. புவியியல் மற்றும் சுரங்கத் துறை மண் சரியுமா என்று பார்க்கும். வேளாண் பொறியியல் துறை மண் அரிப்பையும் தண்ணீர் ஓடும் வழியையும் பார்க்கும். வனத்துறை காட்டு எல்லையையும் மரங்களையும் பார்க்கும். வருவாய்த் துறை உரிமையைப் பார்க்கும். இதில் ஒன்று முடியாது என்று சொன்னாலும் மஞ்சள் வண்ணம் உங்களுக்கு உதவாது.

அடுத்தது மரம். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். வீட்டு மையத்தில் ஒரு மரம் நின்றால் வரைபடத்தை மாற்றுவதுதான் சுலபமான வழி. நான் அதைத்தான் செய்கிறேன்.

அப்புறம் மண் வெட்டுவது. பொக்லைன் இயந்திரத்தை மலையில் ஏற்றி வேலை செய்ய மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வண்டியும் பிடிபடும், வழக்கும் வரும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி சொல்வேன். 2009 நவம்பர் 10. அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். இந்த மலையில் பாறைக்கு மேல் மக்கிய மண் பல இடங்களில் மீட்டர் கணக்கில் ஆழமாகக் கிடக்கிறது. தண்ணீர் குடித்தால் கனம் கூடும், பிடிப்பு விட்டுப்போகும். அடிவாரத்தை நேர்க்குத்தாக வெட்டி, மேலே வீட்டின் பாரத்தையும் ஏற்றி, பழைய ஓடையையும் அடைத்துவிட்டால் அப்புறம் ஒரு நல்ல மழைதான் பாக்கி. மழைக்காலத்தில் ஆபத்தானவை என்று மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்து வைத்திருக்கும் இடங்கள் 283. நீங்கள் வாங்கும் இடம் அவற்றில் ஒன்றின் ஓரமா என்று கேட்டுவிடுங்கள்.

ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாதாமே?

ஆமாம். தரைத்தளமும் ஒரு மாடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்கும்படி வரைபடம் போடுவதுதான் முறை.

சரிவு நிலத்தில் சிலர் செய்யும் தந்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேல் ரோட்டில் நின்று பார்த்தால் அடக்கமான ஒரு மாடி வீடு. கீழ் ரோட்டில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் நாலு அடுக்கு. "செல்லர்" (நிலவறை) என்றும் "பார்க்கிங்" என்றும் பெயர் வைத்துவிட்டால் மண்ணுக்குப் பாரம் குறைந்துவிடாது. என்னிடம் இப்படிக் கேட்டு வருகிறவர்களை வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.

கட்டி முடித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் கொடைக்கானல் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு ஹோட்டல் அனுமதித்ததற்கு மேல் பல மாடிகளை எழுப்பியது. அரசும் விதிவிலக்கு ஆணை கொடுத்தது. பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் வழக்குப் போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து கூடுதல் மாடிகளை இடிக்கச் சொன்னது. 1995இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அரசாணையே கையில் இருந்தும் அந்த நிலை.

தேயிலைத் தோட்டத்தைப் பிரித்து ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று விற்கிறார்கள். விலை மலிவு. வாங்கலாமா?

ஏன் மலிவு என்று முதலில் யோசியுங்கள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே நாலு கல் நட்டு, சிவப்பு மண்ணில் ஒரு பாதை போட்டு, "வியூ பாயிண்ட் மனை" என்று பலகை வைத்துவிட்டால் அது மனைப்பிரிவு ஆகிவிடாது. மனைப்பிரிவுக்குத் தனி அனுமதி வேண்டும். பாதையின் அகலம், திறந்தவெளி, வடிகால் எல்லாம் அதில் வரும். மலையில் ஹாகாவும் சேரும். அனுமதி இல்லாத மனையைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இருக்கிறது. இதைச் சுற்றிப்போகத்தான் "பிரிக்கப்படாத பாகம்" என்று எழுதி விற்பார்கள். பத்துப் பேருக்குப் பொதுவாக ஒரு ஏக்கர் தேயிலையில் உங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு. எந்தப் பத்தில் ஒன்று என்று பத்திரம் சொல்லாது. பிளான் அப்ரூவலுக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும்.

"வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் சார்", அதாவது அனுமதியில்லாத மனைக்குப் பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்பது அடுத்த பேச்சு. 2017இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் காலவரம்பு 20.10.2016. அதற்குப் பிறகு போட்ட மனைக்கு அந்தக் கதவு கிடையாது. விற்பவரிடம் தேதியைக் கேளுங்கள்.

பெரிய எஸ்டேட்டிலிருந்து பிரித்தது என்றால் இன்னொரு சிக்கல். 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தில் தேயிலை, காப்பி, ஏலம் போன்ற தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. தோட்டமாக இருப்பதால் கிடைத்த விலக்கு அது. செடியைப் பிடுங்கி வீடாக்கினால் எதை வைத்து விலக்குக் கேட்பது?

சென்ற வருடம் கோவையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஓய்வுப் பணம் முழுவதையும் இப்படி ஒரு துண்டு தேயிலையில் போட்டிருந்தார்கள். ஐயா பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி, ஒரு சின்ன வீடுதானே?" என்றார். விவசாய மண்டலம், பிரிக்கப்படாத பாகம், கீழே ஓடைப் புறம்போக்கு. சின்ன வீட்டுக்கும் வழி இல்லை. காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். வேறு என்ன செய்ய?

எங்கள் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. காட்டேஜ் என்று வாடகைக்கு விடலாமா?

குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தில் தங்கும் விடுதி நடத்தினால் அது பயன்பாட்டு மாற்றம். ஒரு செங்கல்லைக்கூட மாற்றவில்லை என்றாலும் அப்படித்தான். சீசனுக்கு முன்னால் உள்ளாட்சி ஆட்கள் சீல் வைத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இந்த வகைக் கட்டடங்களைத்தான். நீங்கள் குடியிருந்துகொண்டே ஓரிரு அறைகளைச் சுற்றுலாத் துறையில் பதிந்து ஹோம்ஸ்டேயாக நடத்துவது ஒன்று. எட்டு அறை கட்டி, வரைபடத்தில் "படுக்கையறை" என்று எட்டு முறை எழுதுவது வேறு. அதிகாரிகளுக்கும் எண்ணத் தெரியும்.

மண்டலத்தை மாற்ற முடியுமா?

முடியும். நில உபயோக மாற்றம் என்று அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதலான திட்டத்தையே அந்த அளவுக்குத் திருத்துகிற வேலை என்பதால் அரசு வரைக்கும் போகும், கட்டணமும் உண்டு. பாதை வசதி இருக்கிறதா, சுற்றியுள்ள நிலம் எப்படிப் பயன்படுகிறது, சரிவு எவ்வளவு, தண்ணீர் எங்கே போகும் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். "ஆறு மாதத்தில் மாற்றித் தருகிறேன், நான் பொறுப்பு" என்று சொல்லி நிலத்தை விற்பவரிடம், மாற்றிவிட்டு வாருங்கள், பிறகு வாங்குகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு அதோடு முடியும்.

தாத்தா காலத்திலிருந்து கடை நடக்கிறது. வரைபடத்தில் குடியிருப்பு என்று வண்ணம் போட்டிருக்கிறார்கள். மூடச் சொல்வார்களா?

திட்டம் வரும் முன்பே நடந்துவந்த பயன்பாட்டை, திட்டத்தில் சொல்லியிருக்கும் நிபந்தனைப்படி தொடரலாம். பழைய உரிமம், வரி ரசீது, மின் இணைப்பு அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். முன்பிருந்தே நடந்தது என்று நிரூபிக்க அவைதான் சாட்சி. கடையை இரண்டு மடங்காக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எங்கள் நிலத்தில் சாலை வரும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் வருடக்கணக்காக யாரும் எடுக்கவில்லை.

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் பாருங்கள். பொதுத் தேவைக்கென்று ஒதுக்கிய நிலத்தை, திட்டம் வெளியான 3 ஆண்டுகளுக்குள் கையகப்படுத்த அறிவிப்பு வராமலும் உடன்பாட்டில் வாங்காமலும் விட்டால் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கொள்ள வேண்டும். தானாக யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள். வழக்கறிஞரோடு போய்க் கேட்டு வாங்க வேண்டியது.

கூடலூர், பந்தலூர் பக்கம் நிலம் பார்க்கிறோம். அங்கேயும் இதே விதிதானா?

இதே விதி, அதோடு இன்னும் நிறைய. அந்தப் பக்கம் மண்டலத்தைப் பற்றிப் பேசும் முன் நிலம் யாருடையது என்பதே தீராத கேள்வி. ஜென்மி என்ற பழைய நிலவுடைமையாளர்களின் நிலங்களை, அரசுக்கு நேராகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி நிலமாக மாற்றும் சட்டம் 1969இல் வந்தது. அதில் தோட்டக் குத்தகை பற்றிய 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களைத்தான் ஊரில் "செக்‌ஷன் 17 நிலம்" என்பார்கள். தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கே அங்கே பட்டா கிடைப்பது பெரும் பாடு. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் நிலம் என்றால் விற்கவும் அனுமதி வேண்டும்.

நாடு முழுக்கக் காடு என்றால் என்ன என்று தீர்மானித்த வழக்கு கிளம்பியதும் கூடலூரிலிருந்துதான். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு அங்கே மரம் வெட்டுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12இல் வந்த ஆணை, பட்டா யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்றது. ஆகவே மரம் அடர்ந்த இடத்தை "தனியார் பட்டா" என்று காட்டினால் மயங்கிவிடாதீர்கள்.

மசினகுடி?

மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை அரசு 2010இல் அறிவித்தது. 2011இல் உயர்நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2018இல் விடுதிகளுக்குச் சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14இல் தீர்ப்பும் வழித்தடத்தின் பக்கமே வந்தது. வழித்தடத்துக்குள் வரும் சர்வே எண்ணா என்று பார்க்காமல் அங்கே ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெலிங்டன்?

அது கன்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதி. அங்கே அனுமதிக்குக் கன்டோன்மென்ட் வாரியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

புதிய மாஸ்டர் பிளான் வரைவு வந்தால் நம் பேச்சு எடுபடுமா?

வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் காலம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில் ஹட்டியில் யாரும் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. பிறகு இருபது வருடம் திட்டித் தீர்ப்பார்கள். வரைவு வந்ததும் ஊர்க் கூட்டத்தில் விரித்துவைத்துப் பாருங்கள். ஊற்று எங்கே இருக்கிறது, எந்தச் சதுப்பில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்த மேடு எந்த வருடம் சரிந்தது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த அளவு செயற்கைக்கோள் படத்துக்குத் தெரியாது. சதுப்பின் மேல் மஞ்சள் அடித்திருந்தால் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். "எங்கள் ஊருக்கு அநீதி" என்று பொதுவாக எழுதிய மனுவைவிட, "இந்தச் சர்வே எண்ணில் ஊற்று இருக்கிறது, கீழே உள்ள வீடுகள் இதைத்தான் குடிக்கின்றன" என்ற இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒருவர் மண்ணை நேர்க்குத்தாக வெட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் அனுமதி இருக்கிறதா என்று தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் தேதியோடு போட்டோ எடுங்கள். நகராட்சி என்றால் ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், அதோடு கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் எல்லோருக்கும் ஒரே நாளில் எழுத்தில் கொடுங்கள். அனுமதியில்லாத வேலையை நிறுத்தச் சொல்ல நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவும், அகற்றச் சொல்ல 56ஆம் பிரிவும் இருக்கின்றன. மனுவில் அந்த எண்களையும் எழுதுங்கள்.

அக்கம்பக்கத்துப் பகையாகிவிடுமே என்று தயங்குவீர்கள். நானும் ஒரு முறை தயங்கினேன். ஐப்பசி மழையில் எங்கள் சந்தில் தடுப்புச்சுவர் இல்லாமல் வெட்டிய கரை விடியற்காலையில் இறங்கி, மேலே இருந்தவர் வீட்டுச் சமையலறையைப் பாதி கொண்டுபோய்விட்டது. அடுப்பு மூட்ட யாரும் எழுந்திருக்கவில்லை, அதனால் பிழைத்தார்கள்.

மழை பிடித்த பிறகு மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். தரையில் புது விரிசல், சாய்ந்த மரம், திறக்க முடியாமல் இறுகும் கதவு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் எதைப் பார்த்தாலும் வீட்டை விட்டு வெளியே வந்து மாவட்ட அவசர உதவி எண்ணான 1077க்கு போன் செய்யுங்கள்.